'பளிங்கு மனிதன்' பிர்குட்டுக்கு என்னதான் ஆனது?

வணக்கம். போன வாரம் நம் திரையிடலில் போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் 'பளிங்கு மனிதன்' போட்டோம். அதையொட்டி வந்த சந்தேகங்களில் ஒன்றே ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி கேட்டிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் கொத்தனாரைத் தேடுகிறார்கள். கடைசியில் அப்பா இறந்துவிட்டார் என்று மகன் சொல்கிறான், படம் முடிந்துவிடுகிறது. எப்படி இறந்தார்? நீங்கள் போட்ட பிரதியில் ஏதாவது விட்டுப்போய்விட்டதா?"

விட்டுப்போனது உண்மைதான் தம்பி. ஆனால் நம் கையில் விட்டுப்போகவில்லை. 1977-லேயே போலந்தில் வெட்டிவிட்டார்கள்.

படம் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. அக்னியெஷ்கா என்று ஒரு திரைப்படக் கல்லூரி மாணவி. பட்டயப் படத்துக்காக, 1950-களில் நாடே கொண்டாடிய மாத்தேயுஷ் பிர்குட் என்ற கொத்தனாரின் கதையைத் தோண்டுகிறாள். கிராக்கூவ் பக்கத்தில் நோவா ஹூட்டா என்று ஒரு எஃகு நகரத்தை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பிர்குட்டின் குழு ஒரே ஷிஃப்டில் 30,000-க்கும் மேல் செங்கல் அடுக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு மணி நேரத்துக்கு 28,800 நொடிதான். நொடிக்கு ஒரு கல்லுக்கும் மேல்! பக்கத்தில் சினிமா கேமரா ஓடாமல் இந்தக் கூத்து நடக்குமா? அவனுக்குப் பளிங்கில் சிலை, ஆளுயரத்தைத் தாண்டிய படங்கள், ஊர் ஊராகப் போய் செங்கல் அடுக்கிக் காட்டும் வேலை எல்லாம் வருகிறது. அப்படிப் போன ஓர் ஊரில் யாரோ கொதிக்கக் கொதிக்க ஒரு செங்கல்லைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளங்கை வெந்துபோகிறது. அதோடு கொத்தனார் வேலை போச்சு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சூட்டுச் செங்கல் விவகாரத்தில் நண்பன் விட்டெக் மேல் சந்தேகம் விழுகிறது. பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். பிர்குட்டும் துணைக்குப் போகிறான். விட்டெக் ஓர் அறைக்குள் நுழைகிறான், கதவு மூடுகிறது. பிர்குட் வெளியே காத்திருக்கிறான், காத்திருக்கிறான். பொறுமை போய்க் கதவைத் திறந்தால், உள்ளே அதிகாரி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இங்கே யாருமே வரவில்லையே என்கிறார். கண்ணெதிரே உள்ளே போன ஆள்! என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். அடி இல்லை, உதை இல்லை, ரத்தம் இல்லை. அந்த அதிகாரி குரலைக்கூட உயர்த்துவதில்லை.

வாய்தா முதலில் படமாக்கிய முடிவு வேறு. அக்னியெஷ்கா கதான்ஸ்கில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பிர்குட்டின் கல்லறையைத் தேடுகிறாள். கிடைப்பதில்லை. கொண்டுவந்த பூவை வாசல் கேட்டிலேயே செருகிவிட்டு வருகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் போலந்துக்காரர்களுக்கு அது போதும். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, அரசு சாப்பாட்டுச் சாமான் விலையை ஏற்றியது. கதான்ஸ்க், கதீனியா, ஷ்செச்சின் என்று கடற்கரை நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசு அவர்களைச் சுட்டது. 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கதான்ஸ்க், கல்லறை, கிடைக்காத சமாதி என்றால், பிர்குட்டும் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் போனவன்தான் என்று அங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கைக்கும் புரிந்தது, காட்சி போனது. அந்த அதிகாரி விட்டெக்கைச் செய்ததைத்தான் தணிக்கை பிர்குட்டைச் செய்தது: "இங்கே யாரும் வரவில்லையே." அதனால்தான் நாம் பார்த்த பிரதியில் அக்னியெஷ்காவும் பிர்குட்டின் மகன் மாச்செய்யும் தொலைக்காட்சி நிலையத்தின் நீள நடையில் விறுவிறுவென்று நடந்து போவதோடு படம் முடிகிறது.

இதையாவது எப்படி விட்டார்கள் என்று அடுத்த கேள்வி வரும். லேசில் விடவில்லை. ஷ்ச்சிபோர்-ரில்ஸ்கி எழுதிய திரைக்கதை 1960-களின் தொடக்கத்திலேயே தயார். இயக்குநர் பெயரே வாய்தா, அப்புறம் கேட்கவா வேண்டும்? பத்து வருஷத்துக்கு மேல் வாய்தா மேல் வாய்தா. கடைசியில் பண்பாட்டு அமைச்சர் யூசெஃப் தேய்க்மா துணிந்து அனுமதி கொடுத்த பிறகுதான் 1976-ல் படப்பிடிப்பு. 1977-ல் வெளியானபோது கூட்டம் அலைமோதியது. அந்த வருஷம் கதான்ஸ்க் திரைப்பட விழாவில் பரிசு கிடைக்காமல் மேலிடம் பார்த்துக்கொண்டது. பத்திரிகையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு செங்கல்லுக்கு ரிப்பன் கட்டி, படிக்கட்டில் வைத்து வாய்தா கையில் கொடுத்தார்கள். சூடில்லாத செங்கல்தான்.

பிர்குட் நிஜ ஆளா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முழுக்க இல்லை. நோவா ஹூட்டாவில் செங்கல் சாதனைக்குப் பெயர்போன பியோத்ர் ஓஜான்ஸ்கி என்ற கொத்தனார் இருந்தார், அவரை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். மற்றது கற்பனை.

வெட்டிய காட்சி என்ன ஆனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் லெனின் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம், அதிலிருந்து சாலிடாரிட்டி தொழிற்சங்கம். வாய்தா அங்கே போனபோது ஒரு தொழிலாளி, எங்களைப் பற்றி ஒரு படம் எடுங்கள், 'இரும்பு மனிதன்' என்று எடுங்கள் என்றாராம். எடுத்தார். பிர்குட்டின் மகன்தான் நாயகன். சாலிடாரிட்டியின் தலைவர் லேக் வவென்சா, லேக் வவென்சாவாகவே வந்து போகிறார். 1981-ல் கான் விழாவின் தங்கப் பனை விருது அதற்குத்தான். அதே டிசம்பரில் நாட்டில் ராணுவச் சட்டமும் வந்துவிட்டது. இடையில் கிடைத்த அந்தச் சின்ன அவகாசத்தில் வாய்தா பழைய கல்லறைக் காட்சியைக் கொண்டுவந்து புதுப் படத்துக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அதைத்தான் போடுகிறோம். பிரதியைப் பற்றிக் கேட்ட தம்பி கட்டாயம் வந்துவிடுங்கள், அந்தக் கேட்டும் பூவும் அதில் இருக்கிறது.