எந்தக் காலணிக்கு எந்தக் கிராம்பான்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

உத்தரகண்ட் மாநிலத்தின் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்கந்தா சிகரத்துக்குப் பனியில் நடந்து ஏறுவதற்காக, டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும்கூட இளைஞர்கள் போய்வருகிறார்கள். உறைந்த பனியில் கால் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் எஃகுப் பற்கள் கொண்ட சட்டத்துக்குக் கிராம்பான் என்று பெயர். புறப்படுமுன் என்னிடம் வருகிறவர்கள், 'நல்ல கிராம்பான் எது?' என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் போட்டுக்கொள்ளப்போகும் பூட்ஸைக் கையில் வாங்கி வளைத்துப் பார்க்காமல் நான் விடை சொல்வதில்லை.

அதற்கு என் சொந்த அனுபவமே காரணம். பல ஆண்டுகளுக்கு முன், இமயத்தின் ஒரு பனிச்சரிவில், வாடகைக்கு எடுத்த 12 பல் கிராம்பானை என்னுடைய சாதாரண டிரெக்கிங் பூட்ஸில் மாட்டி, வாரை வலிக்கும்வரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். நாற்பது ஐம்பது அடிதான் வைத்திருப்பேன்; வலது குதிகாலின் கீழிருந்த சட்டம் சட்டென்று கழன்று, கணுக்காலில் கட்டிய வாரில் தொங்கிக்கொண்டு ஆடியது. பின்னால் வந்த வழிகாட்டி என் முதுகுப்பையைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால் நெடுந்தூரம் சறுக்கியிருப்பேன். கிராம்பானிலும் பழுதில்லை, பூட்ஸிலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை, அவ்வளவே.

நாம் நடக்கும்போது மென்மையான பூட்ஸின் சோல் ஒவ்வோர் அடிக்கும் விரல்மடிப்பில் வளைகிறது. கீழே இருக்கும் இரும்புச் சட்டம் அந்த அளவுக்கு வளையாது. ஆகவே ஒன்று மற்றொன்றை நெம்பித் தள்ளுகிறது. பிடிப்பு கழல்கிறது, அல்லது முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் பட்டை நாளடைவில் சோர்ந்து முறிகிறது.

இந்தப் பொருத்தத்தைக் கணிக்கப் பிரிட்டனின் மலையேறிகள் ஓர் எளிய வகைப்பாட்டைப் பின்பற்றுகிறார்கள். பூட்ஸ்களுக்குப் பி0 முதல் பி3 வரையும், கிராம்பான்களுக்கு சி1 முதல் சி3 வரையும் தரம் குறிக்கிறார்கள். குதிகாலை ஒரு கையிலும் விரல்முனையை மறு கையிலும் பிடித்து வளைத்தால், ஓட்டப்பயிற்சிக் காலணிபோல் எளிதில் மடங்குவது பி0. அதற்கு எந்தக் கிராம்பானும் ஆகாது. ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்த மைக்ரோஸ்பைக்ஸ் அதற்குப் போதும். கேதார்கந்தா போன்ற மிதித்துப் பதிந்த பனிப்பாதையில் பெரும்பாலோருக்கு வேண்டியதும் அதுதான். செங்குத்தான கடினப் பனிக்கட்டியில் மட்டும் அதை நம்பி ஏறிவிடக்கூடாது.

சற்றே முரண்டு பிடித்து, பலங்கொண்டு அழுத்தினால் கொஞ்சம் வளைவது பி1. முன்னும் பின்னும் பிளாஸ்டிக் பிடிகளும் நீண்ட வார்களும் கொண்டு, நெகிழும் பட்டையால் இணைக்கப்பட்ட சி1 இதற்கு உரியது. பி2 பூட்ஸ் மிகச் சிறிதே வளையும். அதன் குதிகாலுக்குப் பின்புறம் சோலின் மேல் தடித்த ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். முன்னால் பிளாஸ்டிக் பிடியும் பின்னால் நெம்புகோலும் உள்ள சி2 வகையின் நெம்புகோல் அந்த விளிம்பில்தான் உட்கார்கிறது. நான் அன்று மாட்டியது சி2. என் பூட்ஸில் அந்த விளிம்பே கிடையாது. சற்றும் வளையாத பி3 பூட்ஸில் விரல்முனையிலும் பள்ளத்தோடு கூடிய விளிம்பு இருப்பதால், முன்புறம் எஃகுக் கம்பியாலேயே கவ்விக்கொள்ளும் சி3 அதில் பொருந்தும். விறைப்பான பூட்ஸில் அதற்குக் கீழ்ப்பட்ட தரக் கிராம்பானை மாட்டலாம். மென்மையான பூட்ஸில் மேல்தரத்தை மாட்டவே கூடாது.

இவ்வளவு விறைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1908இல் ஆங்கிலேய மலையேறி ஆஸ்கார் எக்கென்ஸ்டைன் வடிவமைத்த கிராம்பானில் 10 பற்களும் கீழ்நோக்கியே இருந்தன. பாதம் முழுவதையும் பனியில் பதித்து நடப்பதற்கு அது போதுமானதாயிருந்தது. 1929இல் இத்தாலியின் குர்மேயரைச் சேர்ந்த லோரான் கிரிவெல் முன்னோக்கி நீளும் இரண்டு பற்களைச் சேர்த்த பின், செங்குத்துப் பனிச்சுவரில் அவற்றைக் குத்தி, அவற்றின் மேலேயே நிற்க முடிந்தது. அப்படி நிற்கையில் உடலின் எடை முழுவதும் விரல்முனையில் இறங்குகிறது. சோல் வளைந்தால் குதிகால் தாழ்ந்து, கெண்டைச்சதை சில நிமிடங்களிலேயே நடுங்கத் தொடங்கிவிடும்.

தரம் பொருந்தினாலும் வடிவம் பொருந்தாமல் போகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். சிலவகைப் பூட்ஸின் சோல் உட்புறமாக வளைந்திருக்கும். நேரான சட்டம் அதன் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சிறிய பாதமுள்ள பெண்களுக்கு, இணைப்புப் பட்டையை எவ்வளவு குறுக்கினாலும் அதன் வால் குதிகாலுக்குப் பின்னே துருத்துவதுண்டு. ஆகவே பூட்ஸைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். சி2, சி3 வகைகளில், கிராம்பானை மாட்டி நெம்புகோலை ஏற்றியபின், கணுக்கால் வாரைக் கட்டாமலேயே பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். அது விழாமல், சோலுக்கும் சட்டத்துக்கும் இடையே சந்து விடாமல், முன்பற்கள் விரல்முனைக்கு அப்பால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் பொருத்தம் சரி. நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தும்போது 'டக்' என்ற ஓசையோடு அது ஏற வேண்டும். சுலபமாகப் போனால் தளர்வு, உள்ளங்கையால் அடித்தாலும் ஏறாவிட்டால் இறுக்கம்.

கொக்கிகள் காலின் வெளிப்புறத்தில் வருமாறு இடது, வலது பார்த்து மாட்டுங்கள். உட்புறம் வந்தால் மறுகாலின் பற்கள் அவற்றில் சிக்கும். வாரின் மிச்ச நுனியை மடித்துச் செருகுங்கள். ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டாதபடி தடுக்கும் ரப்பர் தகடு சட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின், மலைக்குப் போட்டுக்கொள்ளும் அதே தடித்த கையுறையோடு, வீட்டிலேயே மாட்டவும் கழற்றவும் பழகுங்கள். மலையில் நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ஒருமுறை நின்று, குனிந்து, வார்களை மறுபடியும் இழுத்து இறுக்குங்கள். பூட்ஸ் படிந்ததால் அவை தளர்ந்திருக்கும்.