புரோகிதர் தாமதமாகலாம், அத்தை தாமதமாகக் கூடாது

நடுவர் அவர்களே, இந்த வெயிலிலும் அயனாவரத்தில் அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பிள்ளைக்குப் பெயர் சூட்டச் சிறந்தது சமயச் சடங்கா, சடங்கில்லாத விழாவா?" இதுதான் தலைப்பு. சடங்கில்லாத விழாவே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா சொன்னார்: "மந்திரம் இல்லாவிட்டால் அது வெறும் பலூன் பார்ட்டி." நல்ல கைதட்டல் வாங்கினார். சரி அம்மா, சடங்கு நடக்கிற மண்டபத்தில் பலூன் இல்லையா? "சாமி, அந்த மந்திரத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, போட்டோ சரியா விழல" என்று கேட்கவில்லையா? பலூனுக்கு மதம் கிடையாது.

பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனத்தையே எடுத்துக்கொள்வோம். புரோகிதர் வருகிறார், கலசம் வைக்கிறார், தட்சிணை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு பைக்கில் கிளம்புகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, முகூர்த்த நாளில் அவர் பாடு அப்படி. ஆனால் வீட்டார் பிறகு பல வருஷம் பேசுவது எதைப் பற்றி? சேனை தொட்டு வைத்தது யார், தாய்மாமன் அரைஞாணை வெள்ளியில் போட்டாரா, கயிற்றோடு முடித்துக்கொண்டாரா, அத்தை காதில் மூன்று முறை பெயர் சொல்கிறேன் என்று கத்தியதில் பிள்ளை எப்படி அலறியது, இதைத்தானே? புரோகிதர் தாமதமானால் காபி குடித்துக்கொண்டே காத்திருப்போம். அத்தையைக் கூப்பிடாமல் தொட்டில் போட்டுப் பாருங்கள், அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் பேச்சு ஓயாது!

இஸ்லாமியர் வீட்டில் ஏழாம் நாள் அகீகாவில் பிள்ளைக்கு முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். மதம் இல்லாதவர் வீட்டிலும் அந்தத் தர்மத்தைச் செய்யலாமே, யார் தடுக்கிறார்கள்? ஞானஸ்நானம் மட்டும் வேறு கதை. அது பிள்ளையைத் திருச்சபையில் சேர்ப்பது, வெறும் பெயர் சூட்டல் அல்ல. அதில் நான் கை வைக்கவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார் இன்னொரு நண்பர். பிரான்சில் புரட்சிக் காலத்திலிருந்து வந்த வழக்கம் ஒன்று உண்டு, உண்மைதான். நகர மன்றத்தில் மேயர் முன்னால் பிள்ளைக்கு ஞானப்பெற்றோர் போல இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் நாம் அங்கே போக வேண்டியதில்லை. 1925-இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய தமிழ்நாடு இது. கூட்ட மேடையில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வாங்கிப் போனார்கள். (தலைவர் வரட்டும் என்று பிள்ளையைப் பெயரில்லாமல் காக்க வைத்தவர்களும் உண்டு. புரோகிதர் இடத்தில் தலைவரை உட்காரவைப்பதை நான் ஆதரிக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.)

புரோகிதர் இல்லாத கல்யாணம் செல்லுபடியாக, 1967-இல் இங்கே சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பெயர் சூட்ட அதுவும் வேண்டாம். பிறப்பைப் பதியும்போது பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எந்த மந்திரம் சொன்னீர்கள் என்று மாநகராட்சிக் கவுன்ட்டரில் கேட்பதில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தால் அதுவே பெரிய ஆசீர்வாதம்.

கடைசியாக ஒன்று. திருவல்லிக்கேணிப் பையன், ராயபுரத்துப் பெண், இரண்டு மதம். இந்தச் சென்னையில் அப்படி எத்தனையோ வீடு. கலசம் வைத்தால் ஒரு பாட்டி வாசலிலேயே நிற்பார், சர்ச்சுக்குத் தூக்கிப் போனால் மற்றவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். கூடத்தில் தொட்டில் கட்டி, இரண்டு பாட்டிகளும் ஆளுக்கொரு காதில் பெயர் சொல்லட்டும் என்கிறது எங்கள் அணி. நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணிக்காரரிடம் இதற்கு மட்டும் பதில் வாங்கிக் கொடுங்கள்: உங்கள் சடங்கில் அந்த இரண்டு பாட்டிகளில் யாரை வாசலில் நிறுத்துவீர்கள்?

நன்றி, வணக்கம்.