கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெந்துபோக மாட்டார்களா?

சரி, இந்தக் கேள்வி இரண்டு நாளாக மனதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் வாஹெனிங்கன் ஊரில் உள்ள அரசு ஆராய்ச்சி அலுவலகத்தைப் பற்றிப் போன காணொளியில் சொன்னேன் அல்லவா, அதைப் பார்த்த ஒரு அம்மா கேட்கிறார்: “உள்ளே இருக்கும் இரண்டு தோட்டத்துக்கும் கண்ணாடிக் கூரை என்றால், வெயில் காலத்தில் வேலை செய்பவர்கள் வெந்துபோக மாட்டார்களா?”

நியாயமான கேள்விம்மா. வனம், இயற்கை ஆராய்ச்சிக்காக 1998இல் கட்டி முடித்தது அது, வடிவமைத்தவர்கள் ஜெர்மனியின் பெஹ்னிஷ் குழுவினர். அந்தக் கூரை அதற்கென்று தனியாகச் செய்ததே இல்லை, அந்த நாட்டில் தக்காளியும் பூவும் வளர்க்கிற பசுமைக்குடிலுக்குப் போடுகிற அதே கூரைதான், எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். பசுமைக்குடில் வைத்திருக்கிற விவசாயிக்கு உச்சி வெயிலில் நிழல் திரையை இழுத்துவிடத் தெரியும், கூரையைத் திறந்து சூட்டை வெளியேற்றத் தெரியும். அதையேதான் இங்கேயும் செய்கிறார்கள், ராத்திரியில் குளிர்ந்த காற்றையும் உள்ளே விட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தோட்டங்களில் இருக்கும் செடிகளும் குளமும். மொட்டை மாடியில் ஈரப் புடவையைக் காயப்போட்டு, காற்று அடிக்கும்போது அதன் மறுபக்கம் நின்று பாருங்கள், முகத்தில் சில்லென்று படும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே அந்த வேலையை இலைகள் செய்கின்றன. முன்பும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், அது அழகுக்கு வைத்த தோட்டம் இல்லை, அந்த அலுவலகத்துக்குக் காற்று பதப்படுத்துகிற இடமே அதுதான். சென்னை மாதிரி காற்றிலேயே ஈரம் நிறைந்த ஊரில் இவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது, அப்படியே தூக்கி வந்து வைக்க முடியாது.

ஆனால் குளிர்காலத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். அங்கே குளிர்தானே நீளம்! கூரைக்குக் கீழே மழையும் காற்றும் படாததால், தோட்டத்தைப் பார்த்த சுவர்களுக்கு மரச் சட்டமும் எளிய கண்ணாடியும் போதும், அதில் செலவு மிச்சம். ஜன்னல் திறப்பது கூரை போட்ட தோட்டத்துக்குள்தான் என்பதால் ஜனவரியிலும் அதைத் திறக்கலாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஜன்னல்களை நிரந்தரமாக மூடிவிட்டார்கள், மத்தியானம் 12 மணிக்கும் டியூப்லைட், வெளியே மழையா என்று தெரிய மாடிப்படி வரை போக வேண்டும். வாஹெனிங்கனில் இருப்பவர் நாற்காலியிலிருந்து கை நீட்டி ஜன்னலைத் தள்ளினால் போதும், ஈர மண் வாசனை மேசைக்கே வரும்.