ஒரே டேட்டா, ஒரு தடவை 0.67, ஒரு தடவை 0.0013!

வணக்கம் மக்களே. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் அடக்கிவைக்க முடியவில்லை. புது கீபோர்டு வேகமானதுதான்! பத்திக்குச் சராசரியாக 2.5 விநாடி மிச்சம். போன வீடியோவில் "கை வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது" என்று சொன்னேன். கமெண்டில் பிடித்துக்கொண்டீர்கள். "மாதிரி என்றால் எப்படி? கணக்கைக் காட்டுங்கள்" என்றீர்கள். சரியான கேள்வி. அதனால் இந்த வாரம் முழுக்க அதே வேலைதான்.

என்ன செய்தேன் என்றால், பத்துப் பத்திகள் எடுத்தேன். ஒவ்வொன்றையும் பழைய கீபோர்டில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை அடித்தேன். எத்தனை விநாடி ஆனது என்று குறித்தேன். ஷீட்டில் ஏ நெடுவரிசையில் பத்தி எண், பி-யில் பழையது, சி-யில் புதியது. தலைப்பு வரிசையைத் தள்ளினால் பி2-விலிருந்து பி11 வரை பத்து எண்கள், சி-யிலும் அப்படியே. அவ்வளவுதான் மொத்த டேட்டாவும்.

அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஒரு மாலைப்பொழுது முழுக்க அதில்தான் போனது. சராசரி போட்டேன். பழையது 70.56, புதியது 70.5. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் வரிசை வரிசையாகக் கண்ணால் பார்த்தால் பத்தில் ஒன்பது இடத்தில் புதியதுதான் குறைவு. 62-க்கு 60. 75-க்கு 71. 90-க்கு 85. இப்படி இருக்கிற டேட்டாவுக்குச் சராசரி எப்படி ஒன்றாக வரும்? ஃபார்முலாவை அழித்து மறுபடி போட்டேன், ரேஞ்சைச் சரிபார்த்தேன், காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். காகிதத்தில் 730 வருகிறது, பத்தால் வகுத்தால் 73. ஷீட் 70.56 என்கிறது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது கவுண்ட் ஃபார்முலா. =கவுண்ட்(பி2:பி11) போட்டால் 9. =கவுண்ட்ஏ(பி2:பி11) போட்டால் 10. கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். ஆக, ஏதோ ஒரு கட்டத்தில் இருப்பது எண் மாதிரித் தெரிகிற எழுத்து. எட்டாவது பத்தியின் 95 அது. அந்த நேரங்களை போனில் ஒரு நோட்ஸ் ஆப்பில் குறித்து, அங்கிருந்து காப்பி செய்து ஒட்டினேன். 95-க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஏவரேஜ் ஃபார்முலா ரேஞ்சுக்குள் எழுத்தைப் பார்த்தால் எர்ரர் காட்டாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். இருப்பதிலேயே பெரிய எண்ணான 95 விடுபட்டு, மீதி 635-ஐ ஒன்பதால் வகுத்து, 70.56 என்று அழகாகக் கொடுத்துவிட்டது. எர்ரர் வந்திருந்தால் அஞ்சு நிமிடத்தில் முடிந்திருக்கும். தப்பான விடை சரியான முகத்தோடு வருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கூடுதல் இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா போட்டேன், போகவில்லை. ஏனென்றால் அது சாதாரண ஸ்பேஸ் இல்லை, 160-ஆம் எண் எழுத்தான உடையா இடைவெளி. வலைப்பக்கங்களிலிருந்து காப்பி செய்யும்போதும் இதுதான் அடிக்கடி வரும். ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவுக்குள் யூனிசார்(160) கொடுத்து அதை வெற்றாக மாற்றி, வெளியே வேல்யூ போட்டு எண்ணாக்கினேன். உடனே 73.0! அந்த நொடியில் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

இன்னொன்று. எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும், அதுதான் ஷீட்டின் இயல்பு. நான் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தேன். அதனால்தான் அந்த 95 தனியாகத் தெரியவில்லை. இனிமேல் டேட்டா இருக்கிற நெடுவரிசையை நடுவில் வைக்கவே மாட்டேன்.

சரி, இப்போது 73-க்கு 70.5. இரண்டரை விநாடி. இது உண்மையான வித்தியாசமா, அன்றன்றைய தற்செயலான ஏற்ற இறக்கமா? இதற்குத்தான் கருதுகோள் சோதனை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றிலும் டி.டெஸ்ட் என்ற ஒரே ஃபார்முலா இருக்கிறது. நாலு விஷயம் கேட்கும்: முதல் ரேஞ்ச், இரண்டாவது ரேஞ்ச், டெயில் ஒன்றா இரண்டா (வித்தியாசத்தை ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதா, இரண்டு பக்கமுமா), அப்புறம் வகை 1, 2 அல்லது 3. பதிலாகப் பி மதிப்பை மட்டும் கொடுக்கும். பி நெடுவரிசை இல்லை, இது வேறு: உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டால், இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்கிற எண். குட்டியாக இருந்தால் தற்செயல் என்று சொல்வது கஷ்டம்.

அந்தக் கடைசி எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. வகை 3 போட்டேன், அதாவது இரண்டும் தனித்தனிக் கூட்டம், சிதறலும் வேறு வேறு என்று. பி மதிப்பு 0.67. வகை 2, அதாவது தனித்தனிக் கூட்டம்தான் ஆனால் சிதறல் ஒன்றே என்று போட்டாலும் 0.67-தான். அப்படியென்றால் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. வகை 1 போட்டேன். 0.0013! டேட்டா அதே டேட்டா. ஒரு எண் மாறினது, விடை தலைகீழ்.

இதில் மாயம் எதுவும் இல்லை. என் பத்திகளில் சிறியது 54 விநாடி, பெரியது 95 விநாடி. பழைய நெடுவரிசையின் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, மட்டும் 13.5. அவ்வளவு ஏற்ற இறக்கத்துக்குள் 2.5 விநாடி எங்கே தெரியும்? வகை 2-ம் 3-ம் அந்த மொத்த ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுகின்றன. வகை 1 ஜோடி ஜோடியாகப் பார்க்கும். நான் அடித்தது இரண்டு கீபோர்டிலும் அதே பத்தியை. அதனால் ஒவ்வொரு வரிசையிலும் கழித்தால் பத்தியின் நீளம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். கழித்து வந்த பத்து எண்கள்: 2, 4, 1, 5, 2, 3, -1, 4, 2, 3. இவற்றின் திட்ட விலக்கம் 1.72 மட்டும்தான். இதற்கு எதிரில் 2.5 நன்றாகவே பெரியது. இரண்டு வேறு ஆட்கள் வேறு வேறு பத்திகளை அடித்திருந்தால் வகை 1 போடவே கூடாது. 0.0013 அழகாக இருக்கிறது என்பதற்காக நான் வகை 1-ஐ எடுக்கவில்லை, ஜோடியாக அளந்ததால் எடுத்தேன்.

சொல்ல மறந்துவிட்டேனே, முக்கியமான விஷயம்! ஒரே பத்தியை இரண்டாவது தடவை அடிக்கும்போது கை பழகியிருக்கும், இல்லையா? எப்போதும் பழையதில் முதலில் அடித்தால் புதியதுதான் ஜெயிக்கும். அதனால் ஒவ்வொரு பத்திக்கும் நாணயம் சுண்டிப் பார்த்துத்தான் எதில் முதலில் என்று முடிவு செய்தேன். இதைச் செய்யாவிட்டால் எந்த ஃபார்முலாவாலும் அந்த டேட்டாவைக் காப்பாற்ற முடியாது.

டெயில் விஷயமும் இருக்கிறது. 2 போட்டேன். 1 போட்டால் பி மதிப்பு அப்படியே பாதியாகும், அதனால் பலருக்கும் ஆசை வரும். ஆனால் டி.டெஸ்ட் எந்தப் பக்கம் வித்தியாசம் என்று பார்ப்பதே இல்லை. பி நெடுவரிசையையும் சி நெடுவரிசையையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், அதே விடை வரும். நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக டேட்டா இருந்தாலும் ஒரு டெயிலில் குட்டியான பி மதிப்பைக் கொடுத்துவிடும். அதனால் எனக்கு எப்போதும் 2.

நான் ஃபார்முலாவை மட்டும் நம்பி விடுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். கையாலும் போட்டுப் பார்த்தேன். வித்தியாசங்களின் சராசரி 2.5. திட்ட விலக்கம் தரும் ஸ்டிடெவ்.எஸ் ஃபார்முலாவில் 1.72. அதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.54. 2.5-ஐ அதால் வகுத்தால் டி மதிப்பு 4.61. டி.டிஸ்ட்.2டி ஃபார்முலாவில் அந்த டி மதிப்பையும், பத்தில் ஒன்று குறைத்து 9-ஐயும் கொடுத்தேன். தசம இடம் ஒவ்வொன்றும் டி.டெஸ்ட் விடையோடு பொருந்தியது! முதலில் புதியதிலிருந்து பழையதைக் கழித்தபோது எர்ரர் வந்தது, ஏனென்றால் அந்த ஃபார்முலா மைனஸ் எண்ணை ஏற்காது. மைனஸை நீக்கும் ஏபிஎஸ் போட்டால் போதும். ஆமாம், ஸ்டிடெவ்.எஸ்-தான், ஸ்டிடெவ்.பி இல்லை. நம்மிடம் இருப்பது ஒரு சாம்பிள் மட்டும், உலகத்துப் பத்திகள் எல்லாம் இல்லை.

இந்தச் சோதனையின் கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் 1908-இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டது இது. அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய கணக்கு என்ன தெரியுமா? 10 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு தூக்க மருந்துகள், எதில் கூடுதலாக எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று. பத்து ஜோடி! என் ஷீட்டும் அதே வடிவம்.

டேட்டா அனாலிசிஸ் மெனுவைப் பற்றிக் கேட்பீர்கள். எக்செலில் ஆட்-இன் பகுதியில் அனாலிசிஸ் டூல்பேக்கை டிக் செய்தால் டேட்டா தாவலில் வரும். சராசரி, டி மதிப்பு, பி மதிப்பு எல்லாம் ஒரே அட்டவணையாகக் கொடுக்கும். நான் பயன்படுத்துவதில்லை. அது கொடுக்கிற விடை உறைந்துபோன எண். நான் அந்த 95-ஐச் சரிசெய்த பிறகும் பழைய விடையே அங்கே உட்கார்ந்திருக்கும். ஃபார்முலா என்றால் கூடவே மாறிவிடும்.

சார்ட். இரண்டு சராசரிக்கும் பார் சார்ட் போட்டதும் புதியதன் பார் குட்டையாக, பழையது பல மடங்கு உயரமாக நின்றது. காரணம், எண்கள் நெருக்கமாக இருந்தால் அச்சு தானாகவே பூஜ்யத்தை விட்டுவிட்டு மேலேயிருந்து தொடங்கும். ஃபார்மட் ஆக்சிஸில் மினிமம் 0 போடுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம் ஆகிவிடும். பார் சார்ட் பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் அது பொய். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஆனால் நான் வைத்துக்கொண்டது அது இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கோடு, இடப்பக்கம் பழைய நேரம், வலப்பக்கம் புதிய நேரம். லைன் சார்ட் போட்டு, ஸ்விட்ச் ரோ காலம் என்பதை அழுத்தினால் வந்துவிடும். ஒன்பது கோடுகள் கீழே சரிகின்றன, ஒன்றே ஒன்று மேலே ஏறுகிறது. அந்த ஒன்று ஏழாவது பத்தி, 70 விநாடி 71 ஆனது. எடுத்துப் பார்த்தால் அந்தப் பத்தி முழுக்க ஆண்டுகளும் எண்களும். புது கீபோர்டின் எண் வரிசை கொஞ்சம் ஒடுக்கம், விரல் தடுமாறுகிறது. இதைச் சராசரி எனக்குச் சொல்லவே இல்லை. புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973-இல் நாலு டேட்டா செட் கொடுத்தார். நாலிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, இரண்டும் சேர்ந்து மாறுகிற அளவான ஒட்டுறவு 0.816. வரைந்தால் நாலும் நாலு உருவம். படம் போடாமல் சோதனைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக, கான்ஃபிடன்ஸ்.டி ஃபார்முலா. 0.05 (அதாவது 95 சதவீத நம்பிக்கை), 1.72, 10 கொடுத்தால் 1.23 வரும். அதாவது மிச்சம் 2.5 விநாடி, கூடக் குறைய 1.23. பி மதிப்பைவிட எனக்கு இதுதான் பிடித்த விடை. வித்தியாசம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எவ்வளவு என்றும் சொல்கிறது. ஏறக்குறைய ஒன்றேகால் விநாடியிலிருந்து மூன்றேமுக்கால் வரை.

அடுத்த வீடியோ எண்கள் நிறைந்த பத்திகள் மட்டும், பத்து. இன்னும் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆனால் ஷீட்டின் முதல் கட்டத்தில் இன்றைய தேதியோடு எழுதிவைத்துவிட்டேன்: டெயில் 2, வகை 1. இதோ, திரையில் பாருங்கள்.