நியூவார்க் பள்ளிகள்ல கொட்டின பணம் எங்க போச்சு? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. கோபமாத்தான் எழுதியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன். "அண்ணா, நாங்க வருஷா வருஷம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டியே ஓஞ்சு போறோம். அந்தப் பணத்த எடுத்து நியூவார்க் மாதிரி ஊர்ப் பள்ளிகளுக்குக் குடுக்குறாங்கன்னு சொல்றாங்க. போதாததுக்கு ஃபேஸ்புக் சக்கர்பெர்க் வேற 100 மில்லியன் டாலர் குடுத்தார். அவ்வளவு கொட்டியும் அங்க பிள்ளைங்க மார்க் ஏறலையே, பணமெல்லாம் எங்க போகுது? இத யாருமே கேக்க மாட்டாங்களா?"

நல்ல கேள்வி. ஆனா இதுல மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கு. வரி ஒண்ணு, சக்கர்பெர்க் ஒண்ணு, யார் கேக்குறதுங்கறது ஒண்ணு. என்னைக் கேட்டா அந்தக் கடைசி விஷயம்தான் நியூவார்க்கோட முழுக் கதையும்.

முதல்ல வரி. சகோதரி, உங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ் நியூவார்க்குக்குப் போகல. அது உங்க ஊர்ப் பள்ளிக்கும், உங்க டவுன்ஷிப்புக்கும், கவுண்டிக்கும் போகுது. நியூவார்க்குக்குப் போறது நீங்க நியூ ஜெர்சிக்குக் கட்டுற வருமான வரி. அந்த வரியே பள்ளிக்கூடத்தாலதான் வந்துச்சுன்னா நம்புவீங்களா? இந்த மாநிலத்தோட அரசியல் சட்டத்துல 1875-லயே ஒரு வாக்கியம் சேத்தாங்க. 5 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இருக்கற பிள்ளைகளுக்கு முழுமையான, திறமையான இலவசப் பள்ளி முறைய மாநிலம் நடத்தணும்னு. ஊர் நடத்தணும்னு இல்ல, கவனிங்க, மாநிலம் நடத்தணும். 1973-ல மாநில சுப்ரீம் கோர்ட் அந்த வாக்கியத்தப் பிடிச்சுக்கிச்சு. வீட்டு வரிய மட்டும் நம்பிப் பள்ளி நடத்தினா ஏழை ஊர்ப் பிள்ளைக்கு ஏழைப் பள்ளிதான் கிடைக்கும், இது செல்லாதுன்னு தீர்ப்பு. சட்டசபை இழுத்தடிச்சுது. 1976 ஜூலை 1-ம் தேதி கோர்ட் பள்ளிகளையே இழுத்து மூடிருச்சு! கோடை வகுப்பெல்லாம் நின்னு போச்சு. அதுக்கப்புறம் சில நாள்லயே வருமான வரி மசோதா நிறைவேறிருச்சு.

அப்புறம் வந்ததுதான் ஆபட் வழக்கு. நியூ ஜெர்சில ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனவங்க இந்தப் பேர கேட்டிருப்பீங்க, ஆபட் டிஸ்ட்ரிக்ட், ஆபட் டிஸ்ட்ரிக்ட்னு சொல்வாங்க. டிஸ்ட்ரிக்ட்னா ஒரு ஊர்ப் பள்ளிகள சேத்து நடத்துற அமைப்பு, அத மேற்பார்க்குற குழுதான் போர்டு. 1990 தீர்ப்புல கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, நியூவார்க், கேம்டன் மாதிரி ஏழை நகரங்கள்ல ஒரு பிள்ளைக்குச் செலவாகுற தொகை பணக்காரப் புறநகர்கள் செலவு பண்ணுற அளவுக்கு வரணும், வித்தியாசத்த மாநிலம் குடுக்கணும். இப்ப நியூவார்க் பட்ஜெட்ல பத்துல எட்டு பங்குக்கு மேல மாநிலப் பணம்.

ஏன், அவ்வளவு பெரிய நகரம், சொந்தமா வரி போடக் கூடாதான்னு கேப்பீங்க. நீங்க இந்தியா போக விமானம் ஏறுற நியூவார்க் ஏர்போர்ட் இருக்கே, அதுல இருந்து நகரத்துக்குக் கிடைக்கிறது குத்தகைப் பணம்தான், ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கிடையாது. துறைமுகமும் அப்படித்தான். ரட்கர்ஸ், என்ஜேஐடி மாதிரி பல்கலைக்கழக வளாகங்கள், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, சர்ச்சு, எல்லாத்துக்கும் வரி விலக்கு. காலைல வந்து வேலை பாத்துட்டு சாயங்காலம் எடிசனுக்கும் மில்பர்னுக்கும் திரும்பிப் போறவங்க, அதாவது நம்மள மாதிரி ஆளுங்க, வீட்டு வரிய வேற ஊர்ல கட்டுறோம். இதுக்கு மேல அந்த நகரம் எதுமேல வரி போடும்?

சரி, சக்கர்பெர்க்குக்கு வருவோம். 2010 செப்டம்பர்ல ஓப்ரா வின்ஃப்ரே ஷோல அறிவிச்சார். பக்கத்துல ஒரு பக்கம் மேயர் கோரி புக்கர், டெமாக்ரட். இன்னொரு பக்கம் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி, ரிபப்ளிகன். 100 மில்லியன் அவர் குடுக்க, இன்னொரு 100 மில்லியன் மத்தவங்க கிட்ட திரட்டுறதுன்னு ஏற்பாடு. மொத்தம் 200 மில்லியன். கேக்க மலைப்பா இருக்கு இல்லையா? ஆனா அப்ப நியூவார்க் பள்ளிகளோட ஒரு வருஷ பட்ஜெட்டே கிட்டத்தட்ட 1 பில்லியன். 200 மில்லியன அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, வருஷத்துக்கு 40 மில்லியன், நூத்துக்கு நாலு. கல்யாணத்துல சாப்பாட்டுச் செலவ விட்டுட்டு தாம்பூலப் பை விலையப் பத்தி ஊரே பேசுற மாதிரி, எல்லாரும் அந்த நாலப் பத்தியேதான் பேசினாங்க. மிச்சம் 96 எப்படிச் செலவாகுதுன்னு டிவில யாரும் கேக்கல.

அந்தப் பணமாவது எங்க போச்சுங்கறது ஓரளவு தெரியும். கிட்டத்தட்ட 89 மில்லியன் ஆசிரியர் ஒப்பந்தம், அது சம்பந்தப்பட்ட செலவுகளுக்கு. 2012-ல புது ஒப்பந்தம் போட்டாங்க, நல்லா சொல்லிக் குடுக்குற டீச்சருக்கு போனஸ்னு. ஆனா யூனியன் கையெழுத்துப் போடணும்னா பழைய சம்பள பாக்கிய முதல்ல தீருங்கன்னாங்க, அதுக்கே 31 மில்லியன். சார்ட்டர் ஸ்கூல்களுக்கு, அதாவது அரசாங்கப் பணத்துல தனி நிர்வாகம் நடத்துற பள்ளிகளுக்கு, 57 மில்லியனுக்கு மேல. ஆலோசகர்களுக்கு 20 மில்லியனுக்கு மேல. ஒரு நாளைக்கு 1000 டாலர் வாங்கினவங்க உண்டு. எனக்கு எரிச்சல் வர்றது அந்தக் கடைசி கணக்குலதான். திட்டமிட்டவங்க பெருசா நம்பியிருந்த இன்னொண்ணு, சரியா பாடம் நடத்தாத டீச்சர்கள வெளிய அனுப்பறது. அது நடக்கல. ஆள் குறைப்பு வந்தா கடைசியா சேர்ந்தவங்கதான் முதல்ல போகணும்ங்கறது மாநிலச் சட்டம், அத சட்டசபை மாத்தல. அதனால எந்தப் பள்ளியும் வேண்டாம்னு சொன்ன டீச்சர்களுக்கும் சம்பளம் போய்க்கிட்டே இருந்துச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இவ்வளவு முடிவும் எடுத்தது யாரு? நியூவார்க் மக்களா? கிடையாது. 1995-லயே மாநில அரசு அந்த டிஸ்ட்ரிக்டக் கைல எடுத்துக்கிச்சு. அதுக்குக் காரணம் இல்லாமலும் இல்ல. கட்டடம் பாழாக் கிடக்கு, பிள்ளைங்க தேறல, போர்டு உறுப்பினர்கள் காருக்கும் பயணத்துக்கும் செலவு பண்ணுறாங்கன்னு மாநிலம் குற்றம் சாட்டிச்சு. அதுக்கப்புறம் 22 வருஷம் போர்டு வெறும் ஆலோசனை சொல்றதுக்கு மட்டும். மக்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவாங்க, அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்காது. சூப்பரிண்டெண்டென்ட்ட, அதாவது டிஸ்ட்ரிக்டோட தலைமை நிர்வாகிய, நியமிச்சது ட்ரென்டன்ல இருக்கற மாநில அரசு.

2011-ல அப்படி வந்தவங்க கேமி ஆண்டர்சன். கெட்டிக்காரங்க, உழைப்பாளி. அவங்க கொண்டு வந்த 'ஒன் நியூவார்க்' திட்டம் 2014-ல அமலுக்கு வந்துச்சு. வீட்டுப் பக்கத்துப் பள்ளிங்கற வழக்கம் போயி, ஊர் முழுக்க ஒரே விண்ணப்பம். நீங்க விருப்பத்த எழுதிக் குடுங்க, கம்ப்யூட்டர் இடம் ஒதுக்கும். ஏட்டுல பாத்தா அழகாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல கார் இல்லாத ஒரு அம்மாவுக்கு ஒரு பிள்ளை ஊரோட இந்தக் கோடி, இன்னொரு பிள்ளை அந்தக் கோடின்னு வந்தா? போர்டு கூட்டத்துல ஜனங்க கத்தினாங்க. 2014 பிப்ரவரிலயே, இனி நான் அந்தக் கூட்டத்துக்கே வர மாட்டேன்னு அவங்க சொல்லிட்டாங்க. சொல்லவும் முடிஞ்சுது, ஏன்னா அவங்க வேலை அந்த ஜனங்க கைல இல்ல. அதே வருஷம் மே மாசம் மேயர் தேர்தல். அந்தத் திட்டத்த எதிர்த்துப் பேசின ராஸ் பராக்கா ஜெயிச்சார். அவரே அங்க ஹைஸ்கூல் பிரின்சிபாலா இருந்தவர். 2015-ல மாணவர்களே ஆண்டர்சன் ஆபீசுக்குள்ள போய் உக்காந்து போராடினாங்க. அந்த ஜூன்ல அவங்க பதவிய விட்டுப் போனாங்க. புக்கர் அதுக்கு முன்னாடியே, 2013-ல, செனட்டுக்குப் போயிட்டார். ஆரம்பிச்சு வச்சவங்க போயிட்டாங்க, பிள்ளைங்க அங்கயேதான் இருந்தாங்க.

அப்ப எல்லாம் வீணான்னா, அதுவும் இல்ல. ஹார்வர்டுல தாமஸ் கேன் தலைமையில ஒரு ஆய்வு 2017-ல வந்துச்சு. முதல் சில வருஷம் பிள்ளைங்களோட முன்னேற்றம் சரிஞ்சிருக்கு. 2016-க்குள்ள இங்கிலீஷ்ல மாநிலத்தோட ஒப்பிடும்போது நல்லாவே ஏறியிருக்கு. கணக்குல குறிப்பிடும்படியா மாற்றம் இல்ல. அந்த ஏற்றத்துல பெரும்பகுதி, பிள்ளைங்க மோசமான பள்ளில இருந்து நல்ல பள்ளிக்கு மாறினதால வந்ததுன்னு சொன்னாங்க. அந்த ஆய்வுக்குப் பணம் குடுத்தது சக்கர்பெர்க் தம்பதியோட அமைப்புங்கறதையும் சேத்தே சொல்லிடுறேன். அதுக்காகவே பொய்னு தள்ள வேண்டாம், தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் படிங்க.

ஆனா இந்த மொத்தக் கதைலயும் எனக்குப் பிடிச்சது, எந்தக் கேமராவும் காட்டாத ஒண்ணு. 1998 ஆபட் தீர்ப்புல, அந்த ஏழை ஊர்கள்ல 3 வயசு, 4 வயசுப் பிள்ளைகளுக்கு இலவச ப்ரீஸ்கூல் குடுக்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. சும்மா ஆயா வச்சுப் பாத்துக்கறது இல்ல. ஒரு வகுப்புல 15 பிள்ளைக்கு மேல கூடாது, பட்டமும் சான்றிதழும் உள்ள டீச்சர், கூட ஒரு உதவியாளர். அந்தப் பிள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல, நாலாவது அஞ்சாவது வகுப்பு வரைக்கும் படிப்புல பலன் நிக்குது, ஒரே வகுப்புல தங்கிப் போறது குறையுது. இங்க நம்ம ஆளுங்க மூணு வயசு டே கேருக்கு மாசம் என்ன குடுக்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அத ஒரு நகரம் முழுக்கக் குடுத்திருக்காங்க. வரிப்பணம் எங்க போச்சுன்னு கேட்டீங்கல்ல, ஒரு நல்ல பங்கு அங்க போச்சு.

இன்னைக்கு நிலைமை? 2018-ல நிர்வாகம் திரும்ப ஊர் கைக்கு வந்துருச்சு. அந்த ஊர்லயே பிறந்து அந்தப் பள்ளிகள்லயே படிச்ச ரோஜர் லியோன சூப்பரிண்டெண்டென்ட்டா போர்டு தேர்ந்தெடுத்துச்சு. ஹைஸ்கூல் முடிக்கிறவங்க 2011-ல நூத்துக்கு 61 பேர், இப்ப 80-அத் தாண்டிருச்சு. ஆனா 2023 மாநிலத் தேர்வுல தகுதி நிலைய எட்டினவங்க இங்கிலீஷ்ல நூத்துக்கு 29, கணக்குல 15 பேர்தான். மாநிலம் முழுக்கப் பாத்தா 51, 38. கொரோனா அடிச்ச அடியும் அதுல இருக்கு, ஆனா அது மட்டும்னு சொல்ல முடியாது. ஹைஸ்கூல் முடிக்கிறவங்க 80, கணக்குல தேறுறவங்க 15. இந்த இடைவெளிய அந்த ஊர்ப் பெத்தவங்க போர்டு கிட்ட கேக்கணும். 22 வருஷம் கேக்க முடியல, இப்ப முடியும்.

கேக்குறாங்களா? அங்க ஸ்கூல் போர்டு தேர்தல் ஏப்ரல்ல நடக்கும். மாநிலத்துல பெரும்பாலான ஊர்கள் நவம்பருக்கு மாத்திக்கிட்டாங்க, நியூவார்க் மாத்தல. ஓட்டுரிமை உள்ளவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேர் கூட வர்றதில்ல. 16 வயசுப் பிள்ளைங்களே போர்டு தேர்தல்ல ஓட்டுப் போடலாம்னு 2024-ல நகர கவுன்சில் சட்டம் போட்டு, 2025-ல முதல் தடவ போட்டாங்க. பேர் பதிஞ்சவங்கள்லயே ரொம்பக் கொஞ்சம் பேர்தான் வந்தாங்க. ஆனா 22 வருஷம் பல்லில்லாத போர்டுக்கு ஓட்டுப் போட்ட ஊர் இது, ஓட்டுப் போடுற பழக்கம் உடனே திரும்பி வந்துடாதுன்னுதான் நான் நினைக்கிறேன். ஏப்ரல்ல தனியா தேர்தல் வைக்கிறதும் உதவல.

கடைசியா உங்க ஊர் விஷயம். யாருமே கேக்க மாட்டாங்களான்னீங்களே, நீங்களே கேக்கலாம். நியூ ஜெர்சில ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் பொதுமக்களுக்குப் புரியற மாதிரி ஒரு பட்ஜெட் அறிக்கை வெளியிடணும், அதுக்கு 'யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்'னே பேர். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, சூப்பரிண்டெண்டென்ட் ஒப்பந்தம் என்னன்னு அதுல இருக்கும். கூடவே மாநிலம் வெளியிடுற ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ட எடுங்க. அதுல தேர்ச்சி சதவீதத்த மட்டும் பாக்காதீங்க, 'ஸ்டூடன்ட் க்ரோத்'னு ஒரு பகுதி இருக்கும், அதப் பாருங்க. போன வருஷம் இதே மார்க் வாங்கின மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா இந்தப் பள்ளிப் பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்குன்னு அது சொல்லும். வசதியான ஊர்ல தேர்ச்சி சதவீதம் தானா ஒசந்து நிக்கும், அதுல பாதி நாம குடுக்குற குமான், டியூஷன் காசு. க்ரோத்த பாத்தா பள்ளி என்ன செய்யுதுன்னு கொஞ்சம் தெரியும். பட்ஜெட் மேல பொது விசாரணை ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துல வரும். அந்தக் கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் மைக் முன்னாடி சில நிமிஷம் குடுப்பாங்க. பேர், தெரு சொல்லிட்டுக் கேளுங்க.