அளந்து போடாத சந்தா

(நகராட்சி ஊழியர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, நகர்மன்றத் துணைத் தலைவர் அம்மா அவர்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் வார்டு உறுப்பினர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பி அவர்களே, (போன கூட்டத்தில் போர்த்தியதும் இதே ஆடைதான், கரையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்) எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தடவை ஒருவரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

இன்று மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, மருத்துவக் காப்பீட்டுச் சந்தா. இரண்டு, மருத்துவமனைப் பட்டியல். மூன்று, ஓய்வூதியர் படும் பாடு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளந்தோமா? 2008-இல் அரசு, உள்ளாட்சி ஊழியர்களுக்கான இந்தக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது சம்பளத்தில் மாதம் 25 ரூபாய் பிடித்தார்கள், நான்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை சிகிச்சை. 2012-இல் 150 ரூபாய், 4 லட்சம். 2016-இல் 180. 2021 ஜூலை முதல் 300 ரூபாய், 5 லட்சம். அதில் சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை என்று வைத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் பொதுவான கணக்கைப் போட்டுப் பாருங்கள். சந்தா பன்னிரண்டு மடங்கு ஏறியிருக்கிறது, காப்பீடு இரண்டரை மடங்கு. ஆஸ்பத்திரிச் செலவு ஏறினால் சந்தாவும் ஏறத்தான் செய்யும், அதில் எனக்குச் சண்டை இல்லை. மாதம் 300 என்றால் ஒருவர் நான்கு ஆண்டில் கட்டுவது 14,400 ரூபாய். நம் நகராட்சியில் எத்தனை பேரிடம் பிடித்தார்கள், எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டால் கையில் கொடுக்க ஒரு காகிதம் இல்லை. சண்டை அங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

2013 என்று நினைவு, 150 ரூபாய் காலம். எங்கள் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் ஒருவர். விடியற்காலை மூன்று மணிக்கு வால்வைத் திருகப் போவார். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பட்டியலில் உள்ள மருத்துவமனை, கையில் அட்டை, பிறகென்ன என்று தைரியமாகப் போனார். காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். "சார், இவங்க யாரு?" என்றாள். "என் சம்சாரம்." "இல்லியே சார், உங்க சம்சாரம் பேரு வேற காட்டுதே!"

அந்த அம்மா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தக் காப்பீடும் கிடையாது.

அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அங்கே காட்டிய பெயர் பம்ப் ஆபரேட்டரின் மனைவி பெயர். பம்ப் ஆபரேட்டருக்குப் போன் போட்டால், அவர் மனைவி இடத்தில் ஃபிட்டரின் மனைவி. ஃபிட்டருக்கு அடுத்த ஆள் கல்யாணம் ஆகாதவர், அதனால் ஃபிட்டர் பிரம்மச்சாரி! பட்டியலில் பெயர்களைத் தட்டியவர் ஒரு வரி தள்ளித் தட்டிவிட்டார். தண்ணீர்ப் பிரிவில் அத்தனை பேருக்கும் குடும்பம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. (நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று அவரால் சிரிக்க முடியவில்லை.) 40,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் அட்மிஷன் என்றார்கள். அந்த அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. அப்புறம் மனு, மேல்மனு, கலெக்டர் தலைமையிலான குழுவுக்குக் கடிதம் என்று நடையாய் நடந்து பதினோரு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் வட்டி, சங்கிலியில் பாதியைத் தின்றுவிட்டது.

அந்தப் பட்டியலைத் தட்டிய கிளார்க் நான்தான்.

ஒரு வருஷமாக அது என் பீரோவில் கிடந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் முதல் நாளே ஃபிட்டர் வந்து என் சட்டையைப் பிடித்திருப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நான் ஊர் ஊராகச் சொல்லித் திரிவதற்குக் காரணம் அந்தச் சங்கிலி.

சரி, சந்தாவுக்கு வருகிறேன். நமக்காவது ஒரு அட்டை இருக்கிறது. இன்று இந்தத் திடலைக் காலையில் கூட்டிச் சுத்தம் செய்த பெண்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. சம்பளம் 12,000 என்றால் அவர் பங்கு 90 ரூபாய், ஒப்பந்ததாரர் போட வேண்டியது 390. இரண்டும் சேர்ந்து 480 ரூபாய் மாதாமாதம் போய்ச் சேர்ந்தால் குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு, உடம்பு முடியாமல் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு உண்டு. போய்ச் சேராவிட்டால்? அட்டை வெறும் பிளாஸ்டிக். அந்த அம்மாவுக்கு அது தெரியவரும் இடம் ஆஸ்பத்திரி வாசல்.

"அது ஒப்பந்ததாரர் விவகாரம்" என்று ஆபீசில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமே, ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவருக்கும் சந்தா கட்டும் பொறுப்பை முதன்மை முதலாளி மேல், அதாவது வேலை யாருடையதோ அவர் மேல், வைத்தது. கட்டிவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் வழி சொன்னது. வேலை நகராட்சியின் வேலை என்றால் பொறுப்பு யாருடையது என்று துணைத் தலைவர் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் தலையசைக்கிறார், நன்றி அம்மா, எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

கேட்பது ஒன்றே ஒன்று. மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஒரு தாள். யார் யாரிடம் எவ்வளவு பிடித்தது, எந்தத் தேதியில் கட்டியது, ரசீது எண் என்ன. நம் சந்தாவுக்கு ஒரு தாள், ஒப்பந்தத் தொழிலாளர் இ.எஸ்.ஐ.க்கு ஒரு தாள். ஆதார் எண், வியாதி விவரம் எதுவும் வேண்டாம். நகராட்சி வாசலில் வரிபாக்கிப் பட்டியல் ஒட்டுகிற பலகையிலேயே ஒட்டட்டும், பசை செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆற்றில் போடுகிற காசுக்கே அளவு கேட்ட ஊர் இது.

மருத்துவமனைப் பட்டியலும் ஓய்வூதியர் சங்கதியும் பாக்கி இருக்கின்றன. தலைவர் இரண்டாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் பின்வரிசையிலிருந்து வருகிறது. பேனா ஒன்றுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் அடுத்தவரிடம் கொடுங்கள்.