கருவுற்றவளின் அச்சம் எங்கிருந்து வருகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கருவுற்ற பெண்ணின் மன அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அவளுடைய பண்பாடா, அவள் வாழும் நாடு அவளை நடத்தும் விதமா என்ற கேள்விக்கு, நடத்தும் விதமே என்று வாதாட வந்திருக்கிறேன். தாயின் மன அழுத்தம் குழந்தையின் பிறப்பு எடையைக் குறைக்கக்கூடும் என்பதால், அந்த எடையையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறோம்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ நாட்டுப் பெண்களை எடுத்துக்காட்டினார். வறுமையிலும் அவர்கள் நல்ல எடையுள்ள குழந்தைகளைப் பெறுவதற்கு, சூழ நிற்கும் உறவும், பிள்ளை பெற்றவளை 40 நாள் ஓய்வில் வைக்கும் வழக்கமுமே காரணம் என்றார். உறவின் அரவணைப்பு பெரும் பலம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பலம் எதுவரை தாங்கும் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்றொரு சிற்றூர். 2008 மே 12 அன்று குடியேற்றத் துறையினர் ஹெலிகாப்டர்களுடன் வந்து, அங்கிருந்த இறைச்சி ஆலையைச் சுற்றி வளைத்து, உரிய ஆவணங்கள் இல்லை என்று 389 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலா நாட்டவர். அவர்களைக் கால்நடைக் கண்காட்சித் திடலில் அடைத்து, அங்கேயே வழக்கு விசாரணையும் நடத்தினார்கள். பிள்ளைகளைக் கவனிப்பதற்காக விடுவிக்கப்பட்ட பெண்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. வேலைக்குப் போகவும் அனுமதியில்லை. வீட்டில் இருக்க அஞ்சிய குடும்பங்கள் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தன.

அதன்பின் வந்த 37 வாரங்களில், அயோவா முழுவதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 விழுக்காடு கூடியிருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த தாய்மாரும் இதற்குத் தப்பவில்லை. வெள்ளையினத் தாய்மாரிடம் இந்த உயர்வு காணப்படவில்லை. அந்த ஓராண்டில் இப்பெண்களின் வழிபாடோ உறவுமுறையோ சமையலோ மாறிவிடவில்லை, நடுவர் அவர்களே. கதவு தட்டப்பட்டாலே நெஞ்சு படபடக்கும் நிலைதான் புதிதாக வந்தது.

இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வும் இதையே பேசுகிறது. நிறப் பாகுபாட்டைப் பிறந்தது முதலே சந்திக்கும், அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,089 கிராம்; ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளோ 3,333 கிராம். இதைக் கேட்டதும், "ஆப்பிரிக்கப் பண்பாடு காத்தது" என்று எதிரணியினர் எழுவார்கள். அவ்வளவு விரைந்து எழ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே ஆய்வாளர்கள் 2002இல் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினப் பெண்களின் பேத்திகள், தங்கள் தாய்மாரின் பிறப்பு எடையைவிடக் குறைந்த எடையில் பிறந்திருந்தார்கள். பண்பாட்டை இழந்ததால் வந்த கேடு என்பீர்களா? ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையினப் பெண்களின் குடும்பங்களும் தாய்நாட்டு மொழியையும் வழக்கங்களையும் தலைமுறை தலைமுறையாகக் கைவிட்டவைதாம். அவர்களுடைய பேத்திகளின் பிறப்பு எடை மட்டும் ஏன் கூடியது? எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு முதலில் விடை சொல்லட்டும்.